கொம்பு உதிர்ந்த பூதம்

பவுலினுடைய வீட்டு விளையாட்டு மேஜையில் ஞாயிறுதோறும் பனி படரும். குகையை விட்டுக் கட்டைவிரல் உயரப் பூதங்கள் வெளியே வரும். தோழி ரஹீமா பகடையை உருட்டி அவற்றை வெட்டுவாள். தப்பித்தது எதுவோ, அதுதான் அடுத்த வாரத்துக்குக் குட்டி போடும்.

முதலில் கொம்போடு வந்தன, பிறகு விஷத்தோடு. சண்டைக்கு வந்த எதையும் ரஹீமா விட்டுவைக்கவில்லை. கேள்வி கேட்ட பூதங்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன. யார் எதைக் கேட்டாலும், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுப் பதில் சொல்ல உட்கார்ந்துவிடுவாள் அவள். வருஷம் போகப் போகக் கொம்பு உதிர்ந்தது, விஷம் வற்றியது. இப்போது வருகிறவை இலவம்பஞ்சு மாதிரி மிதந்து வருகின்றன.

நாளை ரஹீமா கனடாவுக்கே குடிபோகிறாள். இது கடைசி ஆட்டம். அவள் பகடையை எடுத்ததும் எதிரே நின்ற பூதம் அண்ணாந்து பார்த்தது.

"போகத்தான் வேணுமா?"

பதில் சொல்ல உட்காராமல் ரஹீமா எழுந்துகொண்டாள். பகடையை உருட்டாமலே கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இது பிழைச்சுப் போகட்டும், பவுலி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

லிஃப்ட் இறங்கும் சத்தம் அடங்கியது. பனிக்குள் நின்ற பூதம் மெல்லப் பவுலினைப் பார்த்துத் திரும்பியது.

"நீ ஏன் கேக்கல?"