பால்பல்

மலை உச்சியில் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இடத்தை செல்போனில் குறித்துவிட்டால் யாரும் தேடி வரலாம். வருகிறவர்கள் எதையாவது எடுத்துக்கொண்டு எதையாவது வைத்துவிட்டுப் போக வேண்டும். அதுதான் விளையாட்டு. விழுந்த பால்பல்லைக் கூரையில் எறிய மாட்டேன் என்று அடம்பிடித்து, நேத்ரா அந்த டப்பாவில்தான் போட்டாள்.

இப்போது நேத்ராவை எரித்தாகிவிட்டது. அவள் உடம்பில் தீக்குப் போகாமல் மிஞ்சியது அந்தப் பல் ஒன்றுதான். அதை எடுத்துவர அவள் அம்மா வடிவு கிளம்பினாள். புதுத் தார் ரோட்டில் சைக்கிள் வழுக்கிக்கொண்டு போனது. ரோடு முடிந்த இடத்தில் அதை நிறுத்திவிட்டு செல்போனில் அம்புக்குறி காட்டிய பக்கம் நடந்தாள். ஏற வேண்டிய பாதை இறங்கிக்கொண்டே போயிற்று. பெரும் பள்ளத்தின் அடியில், கல் லாரிகளுக்கு நடுவே, ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்றது செல்போன்.

வடிவு அண்ணாந்து பார்த்தாள். டப்பா இருந்த உயரத்தில் ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, இங்க ஒரு மலை இருந்துச்சே?”

“நீங்க வந்த ரோட்டுக்கு அடியிலதாம்மா கெடக்கு” என்று சிரித்தார் லாரிக்காரர்.

திரும்பும்போது அவள் சைக்கிளில் ஏறவில்லை. செருப்பைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு உருட்டிக்கொண்டே நடந்தாள். வெயிலில் தார் கொதித்தது.