சுர்மாய்க்கு ஒரு வீடு

சுகிர்தா நாய்க்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னைக்காச்சும் ஒழுங்கா நில்லு. வர்றவருக்கு உன்னைப் பிடிக்கணும்" என்றாள். நாய் தும்மியது.

அவள் கணவர் ராஜவேலுக்கு இந்தத் தீவிலிருந்து சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த வாரம் கப்பல். அங்கே கிடைத்த குவார்ட்டர்ஸில் நாய் வளர்க்க அனுமதி கிடையாது.

மீன் மார்க்கெட்டில் கிடைத்த குட்டி என்பதால் அதற்கு சுர்மாய் என்று மீன் பெயரையே வைத்திருந்தார்கள். பத்துபஸ்தியில் இருந்த அந்த வீட்டில் உலை வைத்தால் முதல் சோறு அதற்குத்தான்.

"ஷெல்டர்ல மட்டும் விடக்கூடாது. கூண்டுல கெடந்து ஏங்கியே செத்துரும்" என்று மகள் அபி முதல் நாளே சொல்லிவிட்டாள். நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பதென்று முடிவாயிற்று. ராஜவேல் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். சுகிர்தா தெருவுக்கே வாட்ஸப்பில் படம் அனுப்பினாள்.

வந்தவர்களை மூவரும் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். ராஜவேல் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் நாய் படுக்கும் இடத்தைக் காட்டுவார். சுகிர்தா சமையலறை வாசலில் டீயோடு பேச்சும் கொடுப்பாள். அபி கேட் வரை போய் வழியனுப்புவாள்.

எல்லோரும் சிரித்த முகமாகத்தான் போனார்கள். மறுநாள் காலையில் போன் வரும். "வீட்ல ஒத்துக்கல சார், மாஃப் கர்னா."

"நல்லதுக்குக் காலமில்ல" என்று பெருமூச்சு விட்டார் ராஜவேல். "இன்னைக்கு வர்றவரும் வேணாம்னா, மெயின்லேண்டே வேணாம்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துர வேண்டியதுதான்."

அன்று வந்தவர் ஜம்புலிங்கம். புரோத்ராபூரில் பாக்குத் தோப்பும் இரண்டு மாடும் வைத்திருப்பவர். சுற்றிலும் வேலி போட்ட பெரிய இடம், பக்கத்தில் ரோடு கிடையாது. ஒரு நாய்க்கு இதைவிட நல்ல வரன் அமையாது.

அவர் உட்கார்ந்ததுமே சுர்மாய் போய் அவர் காலில் தலை வைத்துப் படுத்துக்கொண்டது. அபிக்கு அழுகை முட்டியது.

"அச்சா கெழவா, என்னோட வர்றியா?" என்று அதன் காதைத் தடவினார் ஜம்புலிங்கம்.

வழக்கம்போல ராஜவேல் கொல்லையைக் காட்டினார். சுகிர்தா டீ கொடுத்தாள். அபி வழியனுப்பப் போனாள். ஆனால் ஜம்புலிங்கம் கேட்டைத் தாண்டவில்லை. திரும்பி உள்ளே வந்தார்.

"சார், மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டுப் போக எனக்குத் தெரியாது" என்றார். "திடீர் திடீர்னு கடிக்கும்னு கொல்லையில வச்சு நீங்க சொன்னீங்க. வலிப்பு வரும்னு டீ குடுக்கும்போது அம்மா சொன்னாங்க. ராத்திரி பூரா ஊளையிடும்னு இப்ப பாப்பா சொல்லுது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுர்மாய் இதுவரை ஒரு ஈயைக்கூடக் கடித்ததில்லை. வலிப்பென்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ராத்திரியில் அது விடும் குறட்டையை ஊளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ராஜவேலுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. தான் மட்டும்தான் திருட்டுத்தனம் செய்கிறோம் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தார். மாற்றல் போனால் போகட்டும், கப்பல் டிக்கெட்டை நாளைக்கே ரத்து செய்துவிடலாம்.

"உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னுதான் அண்ணே..." என்று இழுத்தாள் சுகிர்தா. "வேணாம்னா நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

"நீங்க தாராளமா போயிட்டு வாங்க" என்று அவசரமாகக் கேட்டைத் திறந்தாள் அபி.

"கோயி பாத் நஹி, பரவாயில்ல" என்ற ஜம்புலிங்கம் குனிந்து சுர்மாயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இத்தனை சீக்கு உள்ள நாய என்னை விட்டா யாரு எடுப்பா? சங்கிலியக் குடுங்க."