குறைந்த பத்து லிட்டர்

முதல் அடியிலேயே மச்சினனின் உதடு கிழிந்தது. இரண்டாவது அடியில் எலுமிச்சைத் தோல் மூட்டைகளின் மேல் மல்லாந்து விழுந்தான்.

"பத்து லிட்டர் எங்கடா?" என்றார் முதலாளி.

பழத்தோலை வேகவைத்து வடித்த சாற்றில் ஆல்கஹாலை ஊற்றினால்தான் ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் திரண்டு வரும், ஜாம் கம்பெனிக்குச் சரக்கு போகும். அவர் பட்டறை டிரம்மில் இருப்பதோ மெத்தனால். பெக்டினைக் காயவைத்தால் அது பறந்துவிடும். மனிதன் குடித்தால் கண் போகும், அப்புறம் உயிர். அது குறைந்ததால் இன்று கொப்பரை அடுப்பைக்கூட மூட்டவில்லை.

முதலாளி பெல்ட்டை உருவினார். பெண்டாட்டி கெஞ்சினாளே என்று அவள் தம்பியை வேலைக்கு வைத்த புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நேற்று சாயங்காலம் போட்ட இரண்டு கிளாஸ் இன்னும் இறங்காமல் தலை விண்விண்ணென்று தெறித்தது. அதற்கும் சேர்த்து மச்சினனை விலாவில் உதைத்தார்.

"சாராயக் கடைக்கு வித்துட்டியா?"

"முந்தாநாள் வித்தேன் மாமா. வெளியூருக்கு அனுப்பறேன்னுதான் வாங்கினான்."

பெல்ட் காதோடு சேர்த்து விழுந்தது. ரத்தம் சட்டையில் இறங்கியது.

"குடிச்ச அன்னைக்கு ஒண்ணும் தெரியாதுடா. மறுநாள்தான் கண்ணு அவியும். எவன் பொண்டாட்டி புள்ளைங்க நடுத்தெருவுக்கு வரப்போகுதோ. எந்தக் கடை, சொல்லு."

"சொன்னா என்னை வெட்டிருவான் மாமா."

"சொல்லாட்டி நான் கொன்னுருவேன்."

எழுப்பி நிறுத்தி, கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தார். மச்சினனின் கால் தரையில் உதைத்துக்கொண்டது. ஒரு உயிராவது பிழைக்கட்டும் என்றுதான் அடிக்கிறார், ஆனாலும் கை நிற்கவில்லை. ஓங்கிவிட்ட குத்து முகத்தில் படாமல் சுவரில் பட்டு, விரல் பெயர்ந்தது.

"சனியன் பிடிச்ச ஆவி மூட்டம், உன் மூஞ்சிகூடத் தெரியல. ஜன்னலைத் திறந்து தொலைடா."

மச்சினன் இருமிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தான். அது திறந்துதான் இருந்தது, வெயில் உள்ளே அடித்தது. அணைந்து கிடந்த கொப்பரை அடுப்பைப் பார்த்தான், பிறகு மாமாவின் கண்களைப் பார்த்தான். அடி வாங்கும்போது அழாதவன் ஓவென்று அழுதான்.

"ஆஸ்பத்திரிக்கு வாங்க மாமா... நீங்க தினம் வாங்குற கடைக்குத்தான் கொடுத்தேன்."