முதல் கப் டீ

"இன்னிக்குக் காலைல இவர் என்னைத் திட்டிட்டார், சிஸ்டர்."

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி இதை வாசலிலேயே சொல்லிவிட்டாள். மெக்கானிக் வழக்கம்போல் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

திட்டினார் என்றதும் நர்ஸ் பயந்துபோனாள். மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் மனச்சோர்வு இம்மியும் நகராத ஆள் இவர். கடைசி நம்பிக்கையாகத்தான் மூளையைக் காந்தத்தால் தூண்டிவிடும் இந்தச் சிகிச்சைக்கு வந்திருந்தார். திடீரென்று கோபம், படபடப்பு என்று ஏதாவது தலைகாட்டினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நிறுத்திவிட்டால் அப்புறம் இவர் எங்கே போவார்?

காதுகளில் பஞ்சடைப்பானைச் செருகி, நெற்றிக்கு இடப்புறம் காந்தச் சுருளைப் பொருத்திவிட்டு, தலையை அசைக்க வேண்டாம் என்று சைகை காட்டினாள் நர்ஸ். முதல் நாள் இந்தச் சுருளை நகர்த்தி நகர்த்தி இடம் தேடியபோது அவருடைய கட்டைவிரல் தானாகவே துள்ளியது. மனைவிதான் வாயைப் பிளந்தாள். அவரோ வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயந்திரம் டக் டக்கென்று மரங்கொத்தி மாதிரி தட்ட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் தட்டும், கொஞ்சம் ஓயும், மறுபடி தட்டும்.

நர்ஸ் மெதுவாக விசாரணையைத் தொடங்கினாள். சாமானைத் தூக்கி எறிந்தாரா? இல்லையாம். கை ஓங்கினாரா? ஐயையோ, அதெல்லாம் இல்லையாம். ராத்திரி தூங்கினாரா? நன்றாகவே தூங்கினாராம். இதையெல்லாம் சொல்லும்போது மனைவிக்குக் கண் கலங்குகிறது, உதடோ சிரிப்பை அடக்குகிறது. இது என்ன மாதிரி முகம் என்று நர்ஸுக்குப் பிடிபடவே இல்லை.

"அப்படி என்னதான் சொன்னார், அக்கா?"

"'இது டீயா? உப்பைப் போட்டு வெச்சிருக்கியே, மனசுல என்ன நினைச்சிட்டிருக்கே?'ன்னு கேட்டார்."

நர்ஸுக்குப் போன உயிர் திரும்பியது. இவ்வளவுதானா! டீயில் உப்பு கிடந்தால் எந்த மனுஷன்தான் சும்மா இருப்பான்? அவசரத்தில் டப்பா மாறியிருக்கும், கை தவறுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், இதை டாக்டரிடம் பெரிதுபடுத்த வேண்டாம் என்று சமாதானம் சொன்னாள்.

"கை தவறல, சிஸ்டர். வேணும்னேதான் போட்டேன்."

தட்டும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி மனைவி கதையைச் சொன்னாள். நோய் வந்த புதிதில் ஒருநாள் நிஜமாகவே டப்பா மாறிவிட்டதாம். கல்யாணமான நாளிலிருந்து டீயில் குறை கண்டுபிடிக்காமல் கப்பைக் கீழே வைக்காத மனுஷன், அன்றைக்கு மூச்சு விடாமல் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டாராம். அதற்குப் பிறகு தினமும் காலையில் முதல் கப்பில் உப்பு. அதை அவர் பேசாமல் குடிப்பதைப் பார்த்துவிட்டு, சமையலறையில் போய் அழுதுவிட்டு, சர்க்கரை போட்ட இரண்டாவது கப்பைக் கொண்டுவந்து வைப்பாளாம்.

"நாக்கு செத்துப் போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். என்னிக்கு இவர் முகம் சுளிக்கிறாரோ, அன்னிக்கு என் மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைச்சிட்டார்னு நினைச்சு வெச்சிருந்தேன்!"

அவள் இதை உரக்கச் சொல்வதற்கும் இயந்திரம் ஓய்வதற்கும் சரியாக இருந்தது. அறை முழுக்க அவள் குரல்தான் கேட்டது.

மெக்கானிக் தலையை அசைக்காமலே கையை உயர்த்தி, ஒரு காதின் அடைப்பானைப் பிடுங்கினார்.

"நாக்குக்கு ஒண்ணும் ஆகல. முதல் நாளே தெரிஞ்சுது," என்றார் மெதுவாக. "உன்னை இந்தப் பாடு படுத்துறேனே, அந்தக் கோவத்துல நீ உப்பைப் போடுறதா நினைச்சேன். எனக்கு நல்லா வேணும்னுதான் தினமும் குடிச்சேன். இன்னிக்குத்தான், நான் அப்படி என்ன தப்பு பண்ணிட்டேன்னு கேக்கத் தோணுச்சு."