காவலுக்கு நின்றவர்

தண்ணீரூற்றுக் கிராமத்தில் கலிஸ்ராவும் கணவன் கொலின்ஸும் நடத்திய சிறிய வைன் ஆலைக்குள் யானை புகுந்து, தொட்டிகளை எல்லாம் உடைத்துவிட்டது. காப்புறுதி அதிகாரி வவுனியாவிலிருந்து வந்து பார்த்தார்.

“யானைச் சேதத்துக்கும் காப்புறுதி இருக்கு, அம்மா. ஆனா காவலுக்கு ஆள் நிண்டிருக்க வேணும்.”

“என்ர மனுசன் நிண்டவர், சேர்.”

“யானையைக் கண்டதும் ஓடியிருப்பார். ஓடினா நட்டஈடு இல்லை.”

“அவர் ஓடேல்லை, சேர். இந்த ஆலைதான் எங்கட சீவியம்.”

“அப்ப அவரையே வந்து சொல்லச் சொல்லுங்கோ. வேற ஆக்களின்ர சாட்சி எடுபடாது.”

கலிஸ்ரா இடிந்து கிடந்த சுவரைப் பார்த்தாள். சிந்திய வைனின் புளித்த மணம் இன்னும் போகவில்லை.

“ஓடியிருந்தா உயிரோட வந்து சொல்லியிருப்பார், சேர். நேற்றுத்தான் அடக்கம் செய்தனாங்கள்.”