ஒரு ராத்திரி இருட்டு

ஒரு ராத்திரி இருட்டுக்கு ஒரு சீட்டிப் பாவாடை என்று விலை படிந்தது. ஜவுளிக்கடை கனகராஜ் தன் ஆயுசில் எந்தச் சரக்கையும் இத்தனை மலிவாக வாங்கியதில்லை.

இருட்டு அவருக்கல்ல, எதிர்க்கடை மாணிக்கவாசகத்துக்கு. அந்த வருஷம் மழை ஏமாற்றி அணையெல்லாம் வற்றிப்போய், பட்டணத்தில் முறை வைத்துக் கரண்டை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். தியாகராய நகரில் பொழுது சாயும்போது போனால் எட்டு மணிக்குத்தான் வரும்.

தீபாவளி நெருங்கிவிட்டது. மாணிக்கவாசகம் மெயினை அணைத்துவிட்டு வாசலில் வரிசையாகப் பெட்ரோமாக்ஸ் தொங்கவிட்டார். ஜனம் முழுக்க அங்கேதான் மொய்த்தது.

கனகராஜ் சும்மா இருப்பாரா? ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறைக்காரனிடம் அடித்துப் பேசி, பழைய டீசல் ஜெனரேட்டர் ஒன்றை அன்று மத்தியானமே கொண்டுவந்து கடைக்குப் பின்னால் இறக்கிவிட்டார். கூடவே ஒரு சுவிட்சுப் பெட்டியும் வாங்கியே தீரவேண்டும் என்று பட்டறைக்காரன் வண்டி வரை வந்து கெஞ்சினான். ஒன்றை வாங்கினால் இன்னொன்றைத் தலையில் கட்டும் வித்தையெல்லாம் அவருக்கே பாலபாடம்; பெட்டியை வாங்கவில்லை. பில் எழுதும் வெள்ளைத்துரைதான் கடையில் எல்லாவற்றுக்கும் ஆள். இன்ஜின் வயரை அவனே நேராக மீட்டர்ப் பலகையில் முடுக்கிவிட்டான்.

எட்டு மணி வரைக்கும் கனகராஜ் ராஜாதான். அதற்கப்புறம் எதிர்க்கடைக்கும் வெளிச்சம் வந்துவிடுமே? அதற்குத்தான் அம்மாசி. அடையாற்றங்கரைக் குடிசைக்காரன், கடைக்குப் பண்டல் இறக்குபவன். எட்டு மணிக்குள் தெருமுனைக் கம்பத்தில் ஏறி, எதிர்க்கடைக்குப் போகிற கம்பியை வெட்டிவிட வேண்டியது. யாராவது வந்து பார்த்து ஒட்டுப்போடுவதற்குள் விடிந்துவிடும்.

"பயமில்லையேலே?" என்று கேட்டுவைத்தார்.

"இன்னா மொதலாளி இப்டி கேட்டுட்ட? எங்க குப்பத்துல அத்தினி குடிசைக்கும் நான்தான் லைன்மேனு. கரண்டு போனாத்தான் எனக்கு வேலையே. கரண்டு இல்லாத கம்பம் வெறும் மரம்."

தன் மகள் கைகாட்டிய மஞ்சள் சீட்டிப் பாவாடையை வேறு யாருக்கும் விற்றுவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, இடுப்பில் கட்டிங் பிளேயரைச் செருகிக்கொண்டு போனான்.

அவன் இறங்கும் வரை கடை இருட்டாகவே கிடக்கட்டும் என்பது ஏற்பாடு. ஏறுகிறவனை எவனாவது பார்த்துத் தொலைத்தால் வம்பு.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கார் வந்து நின்றது. கல்யாண ஜவுளிக்கு வந்த கூட்டம். வைர மூக்குத்தி போட்ட அம்மாள் இறங்கி, இருட்டுக் கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்ரோமாக்ஸ் பக்கம் திரும்பினாள்.

கனகராஜ் வெள்ளைத்துரையைக் கைதட்டிக் கூப்பிட்டார். "இன்ஜினைப் போடு" என்றார்.

"அம்மாசி இன்னும் எறங்கலையே மொதலாளி. வெளிச்சத்துல ஆளு தெரிஞ்சிரும்" என்று இழுத்தான் வெள்ளைத்துரை.

"கம்பம் மரத்துக்குள்ளல்லா இருக்கு. எவன் பாக்கப் போறான்? போடுலே."

இன்ஜின் உறுமியது. கடை முழுக்க டியூப்லைட்டுகள் பளிச்சென்று விழித்துக்கொண்டன. தெருவே ஒரு கணம் நின்று பார்த்தது. வைர மூக்குத்தியும் திரும்பிப் பார்த்தது.

கனகராஜே வாசலுக்குப் போய்க் கைகூப்பி அழைத்து வந்தார். பட்டு மேல் பட்டாக விரித்தார். நடுவில் விளக்குகள் ஒருமுறை மங்கி, சமாளித்துக்கொண்டன. பழைய இன்ஜின் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார். அந்த அம்மாள் வேண்டாமென்று ஒதுக்கியதைவிட வேண்டுமென்று எடுத்து வைத்ததுதான் அதிகம். சம்பந்தி வீட்டுக்கும் இங்கேயே எடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னது அவர் காதில் நாதஸ்வரமாக விழுந்தது.

அம்மாசி இறங்கிவிட்டானா என்று பார்க்கப் போயிருந்த வெள்ளைத்துரை, கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தான். பின்கட்டுக்குப் போகும் வழியில் முதலாளியின் காதருகே குனிந்தான்.

"அம்மாசி கம்பியில ஒட்டிக்கிட்டுத் துடிக்கான் மொதலாளி. அந்தச் சுவிட்சுப் பெட்டி இல்லாம நம்ம இன்ஜின் கரண்டுதான் மீட்டர் வழியாத் திரும்பி லைன்ல ஏறுது. அணைக்கப் போறேன்."

கனகராஜ் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். வாசல் வரை ஜனம் நெருக்கியது. எதிரே, அந்த அம்மாள் கைப்பையைத் திறந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தபடியே பில் புத்தகத்தை வெள்ளைத்துரை பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல இதைக் கூட்டி முடி, அப்புறம் அணைக்கலாம்."