மசால்வடை ஆராய்ச்சி

பெருச்சாளி வாத்தியாருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பிள்ளைகள் தாங்களே இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று, ‘பொறிக்குள் இருக்கும் மசால்வடையைத் தின்னலாமா?’ என்றொரு ஆய்வுத் திட்டம் தயாரித்திருந்தார். கண்ட கண்ட பக்கத்தையும் மேயக்கூடாதே என்று, படிக்கவேண்டிய பக்கத்தையும் அவரே தேர்ந்து கொடுத்தார். அது எலிப்பொறிக் கம்பெனியின் பக்கம்.

எல்லாக் குழுக்களும் ‘தாராளமாகத் தின்னலாம்’ என்றே எழுதின. சுண்டெலி செவ்வந்தி மட்டும் கையைத் தூக்கினாள்.

“சார், அந்தப் பக்கத்துல ‘அருமை’ன்னு கருத்து எழுதினவங்க எல்லாரும் மனுசங்க. தின்னு பார்த்த எலி ஒண்ணுகூட எழுதலையே?”

வாத்தியார் மீசையை நீவிக்கொண்டார். “அதைத்தானே நானும் சொல்றேன்! தின்ன எலி ஒண்ணாவது திரும்பி வந்து குறை சொல்லிச்சா?”

செவ்வந்திக்கு இரண்டு மார்க்கைக் குறைத்துவிட்டு, எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னார். அடுத்தது செய்முறைத் தேர்வு.